நொண்டாமல் நடந்த மனிதர்

அந்த வீட்டு வரவேற்பறையில் எல்லோரும் அழுதுகொண்டிருந்தார்கள். நாய் மட்டும் வாலாட்டிக்கொண்டிருந்தது.

சோபாவின் நடுவில் இறந்தவரின் மகன் உட்கார்ந்திருந்தான். கம்பெனிச் சின்னம் தைத்த நீலக் கோட்டு, படிய வாரிய தலை, கையில் நனைந்த கைக்குட்டை. அவன் முழங்காலில் தாடையை வைத்துக்கொண்டு ஒரு கிழட்டு நாய் அவனையே கண்கொட்டாமல் பார்த்தது.

"அப்பா போனதிலேருந்து இது என்னை விட்டு நகரவே மாட்டேங்குது சார்" என்றான் மகன். "காலையில கதவைத் திறந்தா வாசல்ல நிக்குது. முன்னெல்லாம் என்னை ஏறெடுத்தும் பாக்காது. அப்பாவை என்கிட்ட தேடுது போல."

பக்கத்தில் இருந்த உறவுக்காரப் பெண்கள் மூக்கை உறிஞ்சினார்கள். ஒருத்தி நாயின் தலையைத் தடவி, "மனுஷங்களுக்குக் கூட இந்தப் பாசம் வராது" என்றாள். நாய்க்குப் பெயர் மேனேஜர். மெத்தைப் பட்டறையில் ஒரு வேலையும் செய்யாமல் நாள் முழுக்க எல்லோரையும் பார்த்துக்கொண்டு படுத்திருப்பதால் செத்துப்போன பெரியவர் வைத்த பெயர்.

வம்புவுக்கு அந்த அறையைப் பிடிக்கவில்லை. கறுப்பு ரிப்பன் கட்டிய படத்துக்குப் பக்கத்திலேயே ஒரு கட்டு விளம்பரத் தாள் இருந்தது. 'மூட்டுவலிக்கு இனி விடுமுறை! ஆனந்த சயன மெத்தை' என்ற எழுத்துக்குக் கீழே, செத்தவரே கையை விரித்துக்கொண்டு சிரித்தார். துக்கம் கேட்க வந்தவர்கள் ஆளுக்கொரு தாளோடு திரும்பிப் போனார்கள். இழவு வீட்டில் வியாபாரமா என்று அவளுக்கு உள்ளே குமைந்தது.

வம்பு என்பது அவள் பெயரல்ல. வாயைத் திறந்தால் ஏதாவது ஒரு வம்பு வெளியே வரும் என்பதால் ஒட்டிக்கொண்ட பட்டம். அவள் உதவியாளராக இருக்கும் துப்பறிவாளருக்கும் அப்படித்தான், ஊரெல்லாம் அவர் மூக்கர். ஒரு அறைக்குள் நுழைந்தால் முதலில் மூக்கைத்தான் வேலைக்கு அனுப்புவார். அந்த மூக்கே அவருக்கு வினையும் கூட. யாருக்கும் கை கொடுக்க மாட்டார், கதவின் கைப்பிடியைக் கைக்குட்டையால்தான் பிடிப்பார், பேருந்தில் ஏறினால் முகத்தைச் சுளித்தபடியே இறங்குவார்.

அப்படிப்பட்டவர் திடீரென்று எழுந்து போய், மகனை இழுத்து மார்போடு அணைத்துக்கொண்டார்.

"மனசைத் தளர விடாதீங்க தம்பி" என்று சொல்லி, அவன் தோளில் முகத்தைப் புதைத்தார். தோளிலிருந்து முகம் மெதுவாக இறங்கி, கோட்டின் மேல்பை வரைக்கும் வந்து, அங்கே கொஞ்ச நேரம் நின்றது. பிறகு விலகினார்.

வம்பு வாயைப் பிளந்தாள். கல்யாண வீட்டில் மாப்பிள்ளையின் கையைக் கூடத் தொடாத மனிதர்.

"சார், உடம்புக்கு ஏதாவது?" என்று காதில் கேட்டாள்.

"பிறகு சொல்றேன். எனக்கு இப்போ சோப்பு வேணும்."

* * *

கை கழுவிய பிறகு இருவரும் மாடிக்குப் போனார்கள். வழிகாட்டியது இறந்தவரின் மகள். வெளியூரில் பள்ளி ஆசிரியை. அப்பாவுக்கு மாரடைப்பு வந்தபோது ஓடி வந்தவள், அவர் வீடு திரும்பியதும் விடுப்பு தீர்ந்து கிளம்பிப் போனாள். அடுத்து அவள் இந்த வீட்டுக்குள் நுழைந்தது சாவுக்குத்தான்.

விஷயம் இதுதான். மெத்தைக்காரர் மாரடைப்பிலிருந்து பிழைத்து, ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்து, தேறிக்கொண்டே வந்தவர். ஒரு காலை, பல் துலக்கும்போது அப்படியே சாய்ந்துவிட்டார். இதயத்தின் சுவரே கிழிந்துபோயிருந்தது. ரத்தத்தைச் சோதித்தபோது, அவர் தொடவே கூடாது என்று மருத்துவர் தடுத்திருந்த வகை வலி மாத்திரை அதில் இருந்தது. வீட்டோடு தங்கிக் கவனித்த நர்ஸின் பையில் அந்த வகை மாத்திரை அட்டை ஒன்று, பாதி காலியாகக் கிடைத்தது. நோயாளிகளைத் தூக்கித் தூக்கி முதுகு போய்விட்டது, அதற்காக வைத்திருக்கிறேன் என்றாள் அவள். யார் கேட்டார்கள்? தூக்கி உள்ளே வைத்துவிட்டார்கள்.

ஸ்டேஷனிலிருந்து அவள் மூக்கருக்குப் போன் செய்தபோது கெஞ்சவில்லை. "நான் கொடுக்கல. நம்பினா வாங்க, நம்பாட்டி போனை வைங்க, இங்க இன்னும் நாலு பேர் போனுக்கு நிக்கிறாங்க" என்றாள். அந்தக் குரலே மூக்கருக்குப் பிடித்துப்போயிற்று. இன்ஸ்பெக்டர் பழைய சிநேகிதர். மாலைக்குள் வேறு ஆளைக் காட்டினால் சரி, இல்லாவிட்டால் அவளைக் கோர்ட்டுக்குக் கொண்டு போக வேண்டியதுதான் என்று சொல்லிவிட்டார். ஜெயிலுக்குப் போய் வந்த நர்ஸை எந்த வீடு உள்ளே விடும்?

மாடி அறையில் மருந்து நெடியும் புது ரப்பர் நுரையின் நெடியும் கலந்து அடித்தன. கட்டிலில் அந்த ஆனந்த சயன மெத்தை. மூலையில் கைத்தடி ஒன்று சாய்ந்து நின்றது. அதன் பிடியில் தூசு படிந்திருந்தது.

"அப்பாவுக்கு ரெண்டு முட்டியும் தேஞ்சு போச்சு சார்" என்றாள் மகள். "மெத்தை தைக்கிற தொழில். வாழ்க்கையில பாதி நாள் தரையில முட்டி போட்டே ஓடிடுச்சு. நான் ஊருக்குப் போகும்போது கட்டில்லேருந்து பாத்ரூமுக்குப் போகவே ஒரு பாடு. வலிக்குதுன்னு கத்துவார். டாக்டர் கொடுத்த லேசான மாத்திரை எதுக்கும் பத்தல."

"ஆனா தடியில தூசு" என்றார் மூக்கர்.

"அதான் எனக்கும் புரியல. கடைசி நாட்கள்ல தடியே இல்லாம நடந்தாராம். மாடிப்படி ஏறி இறங்கினாராம். மெத்தைக் கடை திறப்பு விழாவுல மேடையேறி நடந்த வீடியோவை அண்ணன் அனுப்பினார். பார்த்துட்டு அழுதேன்."

"மெத்தை அவ்வளவு நல்லதா?" வம்பு கட்டிலில் ஒரு விரலை அழுத்திப் பார்த்தாள். "எங்க சாருக்கு ஒண்ணு வாங்கிடலாம். முட்டி நல்லா இருக்கு, குணம்தான் சரியில்ல."

மகள் முதல் முறையாகக் கொஞ்சம் சிரித்தாள். மூக்கர் சிரிக்கவில்லை.

"சாப்பாடு?"

"உப்பே கூடாதுன்னு சொல்லிட்டாங்க. வாயில வைக்க முடியலன்னு தினம் என்கிட்ட போன்ல புலம்புவார். அப்புறம் ஒருநாள், உங்க அண்ணன் தன் கையால ஒரு சூப் வெச்சுக் கொண்டு வரான், அதுல மட்டும்தான் ருசி இருக்குன்னார். உப்பில்லாத சூப்புல என்னப்பா ருசின்னு கேட்டேன். பெத்த பிள்ளை கையாலன்னா அப்படித்தான்னார்."

அப்போது படிக்கட்டின் கீழே ஒரு முனகல் கேட்டது. மேனேஜர் முதல் படியில் முன்கால்களை வைத்துவிட்டுப் பின்கால்களைத் தூக்க முடியாமல் நின்றது. மேலே பார்த்து ஒருமுறை குரைத்துவிட்டு, பின்னங்காலை இழுத்துக்கொண்டு மகன் இருந்த பக்கமே திரும்பிப் போயிற்று.

"பாவம், மறுபடி நொண்ட ஆரம்பிச்சுடுச்சு" என்றாள் மகள். "இடுப்பு வாதம். மிருக டாக்டர் ஏதோ ஈரல் வாசனை வர்ற மாத்திரை கொடுத்தார். பண்டம் மாதிரி கேட்டு வாங்கித் தின்னும். நான் போகும்போது குட்டி மாதிரி இந்தப் படியில ஏறி ஓடிட்டு இருந்துது. துக்கத்துல இப்படி ஆயிடுச்சு."

மூக்கர் அந்தப் படிக்கட்டையே பார்த்தார்.

"துக்கம் வந்தா மனசு நொண்டும். பின்னங்கால் ஏன் நொண்டுது?" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பிறகு மகளிடம், "உங்கப்பா போனதால உங்க அண்ணனுக்கு என்ன லாபம்?" என்று பட்டென்று கேட்டார்.

அவள் முகம் சிவந்துவிட்டது. "ஒண்ணும் இல்ல சார். கம்பெனியை எப்பவோ அவர் பேருக்கு மாத்தியாச்சு, எனக்கு வீடு. ஆஸ்பத்திரியில அப்பா கிடந்தப்போ டாக்டர் காலைப் பிடிச்சு அழுதவர் அவர். அந்த மாதிரி நினைக்காதீங்க."

* * *

மருத்துவருக்கு உட்காரக்கூட நேரமில்லை. ஆஸ்பத்திரி நடைபாதையில் நடந்துகொண்டே பேசினார். இரண்டு பேரும் அவர் பின்னால் ஓடினார்கள்.

"மாரடைப்புல இதயத் தசையில ஒரு பகுதி செத்துப்போகுது. செத்ததை அள்ளிட்டு, அந்த இடத்துல உறுதியா ஒரு தழும்பு கட்டணும். அந்த வேலையைச் செய்யறதுக்கு உடம்பு ஆள் அனுப்புது. அதுக்குப் பேர்தான் வீக்கம், அழற்சின்னு சொல்றோமே, அது."

"அப்போ வீக்கம் நல்லவனா டாக்டர்?" என்றாள் வம்பு. "நான் வில்லன்னு இல்ல நினைச்சேன்."

"ரொம்ப நாள் தங்கினா வில்லன்தான். ஆரம்பத்துல அவன்தான் கொத்தனார். முட்டிவலிக்குப் போடற மாத்திரை அந்த வீக்கத்தைத்தான் அடக்குது. பாதி சுவர் எழும்பி நிக்கும்போது கொத்தனாரை வீட்டுக்கு அனுப்பினா என்ன ஆகும்? தழும்பு மெலிசா நின்னுடும். உள்ளே ரத்தம் முட்டிக்கிட்டே இருக்கு. சுவர் புடைக்கலாம், சிலருக்குக் கிழிஞ்சும் போகலாம். மறுபடி அடைப்பு வர்ற ஆபத்து வேற. மாத்திரை இல்லாமலே சிலருக்குக் கிழியறது உண்டு, அது வேற. ஆனா இவருக்கு இருந்த நிலைமையில, தெரிஞ்சே அந்த மாத்திரையை யாரும் கொடுக்க மாட்டாங்க."

"ரத்தம் உறையாம இருக்கச் சின்ன மாத்திரை ஒண்ணு எல்லாருக்கும் கொடுப்பீங்களே?" என்றார் மூக்கர்.

"அது வேற கணக்கு, அதை நாங்களே பார்த்துத்தான் கொடுக்கிறோம். நான் சொல்றது வலிக்குப் போடற பெரிய ஆளுங்களை."

"இதெல்லாம் வீட்டுல யாருக்குத் தெரியும்?"

மருத்துவர் நின்றார். "மகனுக்கு. அவரை மாதிரி அக்கறையாக் கேட்டவர் யாரும் இல்ல. திறப்பு விழாவுக்கு அப்பா நடக்கணும், ஏதாவது வழி இருக்கான்னு கேட்டார். இல்லன்னேன். மறுநாளும் வந்து கேட்டார். சக்கர நாற்காலியில கூட்டிட்டுப் போங்கன்னேன். முகம் ஒரு மாதிரி ஆயிடுச்சு."

"ரத்தத்துல இருந்தது எந்த மாத்திரைன்னு தெரிஞ்சுதா?"

"முதல் சோதனையில இன்ன வகைன்னு மட்டும்தான் தெரியும். முழுப் பேர் வர நாளாகும்" என்று சொல்லிவிட்டு, அவர் ஒரு கதவுக்குள் மறைந்துவிட்டார்.

வெளியே வந்ததும் வம்பு தலையைச் சொறிந்தாள். "சார், ஆள் யாருன்னு எனக்கும் தெரியுது. ஆனா எதுக்கு? சொத்து ஏற்கெனவே கைக்கு வந்தாச்சு. அப்பா மேல கோபமும் இல்ல. ஒரு மனுஷன் சும்மா பொழுதுபோகாம அப்பனைக் கொல்லுவானா?"

"கொல்லணும்னு நினைச்சிருந்தா கூட எனக்கு இவ்வளவு குமட்டாது வம்பு" என்றார் மூக்கர். "வா, மெத்தை வாங்கலாம்."

* * *

மெத்தைக் கடை பெரிய கண்ணாடிக் கடை. உள்ளே வரிசையாகக் கட்டில்கள், அவற்றின் மேல் பிளாஸ்டிக் உறை பிரிக்காத மெத்தைகள். மூக்கர் உள்ளே போனதுமே கைக்குட்டையை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டார்.

எதிர்ச் சுவரில் ஆள் உயரத் திரை. அதில் அந்தக் காட்சி திரும்பத் திரும்ப ஓடியது. மேடையில் பெரியவர் வந்து நிற்கிறார். கையில் தடி. கூட்டத்தைப் பார்க்கிறார். தடியைத் தூக்கிப் போடுகிறார். நடக்கிறார், ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை, நொண்டாமல். கூட்டம் எழுந்து கைதட்டுகிறது. பெரியவர் குழந்தை மாதிரி சிரிக்கிறார். பக்கத்தில் நீலக் கோட்டில் மகன், ஒலிபெருக்கியில்: "எங்கப்பா தினமும் இந்த மெத்தையிலதான் படுக்கிறார்!" உடனே மறுபடி முதலிலிருந்து.

"ஐயா இறந்த பிறகும் இதை ஓட விட்டிருக்கீங்களே?" என்று வம்பு விற்பனையாளரிடம் கேட்டாள்.

"நிறுத்த வேண்டாம்னு சின்ன முதலாளி சொல்லிட்டார்ங்க. பாக்கிறவங்க கண்ணீர் விட்டுட்டு ஆர்டர் கொடுக்கிறாங்க."

வம்புவுக்கு அப்போதுதான் முழுதாக உறைத்தது. சாதாரணமாக அவளிடம் எதற்கும் ஒரு நக்கல் தயாராக இருக்கும். இப்போது தேடிப் பார்த்தாள், ஒன்றும் அகப்படவில்லை. பக்கத்துக் கட்டிலில் உட்காரப் போனவள், அந்த மெத்தை மேல் உடம்பு படக்கூடாது என்று தோன்றி எழுந்துவிட்டாள்.

"இன்ஸ்பெக்டருக்குப் போன் போடு" என்றார் மூக்கர். "நர்ஸையும் கூட்டிட்டு வரச் சொல்லு. வீட்டுல எல்லாரும் வரணும். மேனேஜரும்."

* * *

மெத்தைக் கடையில் நாற்காலி ஏது? ஆளுக்கொரு கட்டிலில் உட்கார வேண்டியதாயிற்று. பெரியவரின் மனைவி ஒரு மெத்தையின் ஓரத்தில் ஒடுங்கி உட்கார்ந்தார். மகள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். இன்ஸ்பெக்டர் உட்கார்ந்த மெத்தை அவரை இரண்டு முறை தூக்கிப் போட்டது, அவர் முறைத்த பிறகுதான் அடங்கியது. நர்ஸ் உட்காரவே இல்லை. மகன் மட்டும் திரைக்குப் பக்கத்தில் நின்றபடி, "எதுக்கு சார் அம்மாவை இங்கெல்லாம் அலைக்கழிக்கிறீங்க?" என்றான்.

"மேனேஜரை உள்ளே விடு" என்றார் மூக்கர்.

வம்பு கதவைத் திறந்தாள். நாய் நொண்டிக்கொண்டே உள்ளே வந்தது. வளர்த்த அம்மாவைத் தாண்டியது. கொஞ்சி வளர்த்த மகளைத் தாண்டியது. மகன் முன்னால் போய் உட்கார்ந்து, வாலை ஆட்டியது.

"பாத்தீங்களா" என்றான் மகன் தழுதழுத்து. "இதுக்கு என்னை விட்டா யாரும் இல்ல."

"உங்க கோட்டைக் கழட்டிக் கடைசிக் கட்டில் மேல போடுங்க தம்பி."

"எதுக்கு?"

"போடுங்க. இங்க புழுக்கமா இருக்கு."

இன்ஸ்பெக்டர் பார்த்த பார்வையில் மகன் கோட்டைக் கழற்றினான். வம்பு அதை வாங்கிக்கொண்டு போய்க் கடைசிக் கட்டிலில் போட்டாள். நாய் எழுந்தது. மகனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நொண்டி நொண்டிக் கடையின் மறு கோடிக்குப் போய், மூக்கைக் கோட்டின் மேல்பைக்குள் நுழைத்துக்கொண்டு, அங்கே வாலாட்ட ஆரம்பித்தது.

திரையில் கூட்டம் கைதட்டியது.

"பாசம் உங்க மேல இல்ல" என்றார் மூக்கர். "பை மேல. காலையில உங்களைக் கட்டிப்பிடிச்சப்பவே ஈரல் நெடி என் மூக்குல ஏறிடுச்சு. இன்னும் போகல."

மகன் கோட்டை நோக்கி ஓரடி வைத்தான். "நாய்க்குக் கொடுக்கற மாத்திரை சார். அதுக்குக் கொடுக்கத்தான் பையில வெச்சிருந்தேன்."

"நாய்க்குக் கொடுத்திருந்தா நாய் ஏன் நொண்டுது?"

மகன் கைக்குட்டையை முறுக்கினான்.

"ஓடிக்கிட்டிருந்த நாய் நொண்ட ஆரம்பிச்சுது. நொண்டிக்கிட்டிருந்த மனுஷர் ஓட ஆரம்பிச்சார். ஒரே வீடு, ஒரே டப்பா. வலி மாத்திரை வாங்க மருந்துக் கடைக்குப் போனா நாளைக்கு யாராவது ஞாபகம் வெச்சிருப்பாங்கன்னு பயந்தீங்க. நாய் மாத்திரையைப் பத்தி யார் கேக்கப் போறா? பொடி பண்ணிச் சூப்புல கலந்தீங்க. உப்பில்லாத சூப்புக்கு ருசி வந்தது அப்படித்தான்."

"ஐயோ" என்றாள் நர்ஸ். "கடைசிச் சொட்டு வரைக்கும் வழிச்சுக் குடிப்பாரே. நான் கேட்டதுக்கு, உனக்கு ஒரு வாய் கூடத் தர மாட்டேன்னு சொல்வாரே மனுஷன்."

"முழுச் சோதனை வரட்டும் இன்ஸ்பெக்டர்" என்றார் மூக்கர். "இந்த அம்மா பையில இருந்த மாத்திரையோட பேர் அதுல இருக்காது. மனுஷங்களுக்கு எந்தக் கடையிலயும் விக்காத ஒரு மருந்தோட பேர் இருக்கும்."

மகள் எழுந்து நின்றாள். "அண்ணா?"

மகன் உடைந்துவிட்டான். ஆனால் அவன் அழுத விதம்தான் வம்புவுக்கு இன்னும் அருவருப்பாக இருந்தது. தனக்கு ஏதோ அநியாயம் நடந்துவிட்டது போல அழுதான்.

"நான் கொல்லணும்னு நினைக்கல. மேடையில ஒரு நாள் நடந்தா போதும்னுதான் ஆரம்பிச்சேன். மூட்டுவலி மெத்தைன்னு ஊரெல்லாம் போர்டு வெச்சுட்டேன், முதலாளியே நொண்டிக்கிட்டு வந்தா எவன் வாங்குவான்? சக்கர நாற்காலியில உக்கார வெச்சு விளம்பரம் பண்ண முடியுமா?"

"விழா முடிஞ்ச பிறகும் சூப் போச்சே?" என்றார் மூக்கர்.

"டீலருங்க வீட்டுக்கே வந்து பார்க்க ஆரம்பிச்சுட்டாங்க. நிறுத்தினா மறுபடி நொண்டுவார். என்னை என்ன பண்ணச் சொல்றீங்க?"

"டாக்டர் சொன்னதைக் கேக்கச் சொல்றேன். ரெண்டு தடவை சொன்னாராமே."

"அவங்க எல்லாத்துக்கும்தான் பயமுறுத்துவாங்க. எல்லாருக்குமா கிழியுது? அப்பா எவ்வளவு சந்தோஷமா இருந்தார் தெரியுமா? அம்மாவையே கேளுங்க. சந்தோஷமாத்தான் போனார்!"

பெரியவரின் மனைவி அதுவரை தலையைத் தூக்கவில்லை. இப்போது தூக்கினார். குரல் மிகவும் மெதுவாக வந்தது.

"ஆமா. சந்தோஷமாத்தான் இருந்தார். விடிஞ்சதும் என்னை எழுப்பி, 'பாருடி, வலியே இல்ல, நம்ம பையன் மெத்தை நிஜமாவே வேலை செய்யுது'ன்னார். 'நுரையில என்னடா முட்டிவலி போகும், ஊரை ஏமாத்தாதேன்னு அவனைத் திட்டினேனே, என் வாயைக் கழுவணும்'னார். அன்னிக்கே உன்னைக் கூப்பிட்டு, 'உன்னை நம்பாம போயிட்டேன்டா, மன்னிச்சுக்கோ'ன்னு உன் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதார்." அவர் மகனை நேராகப் பார்த்தார். "நீ, பரவாயில்லப்பான்னு சொன்னே. நான் பக்கத்துலதான் நின்னேன். பெருந்தன்மையா மன்னிச்சே. அப்புறம் கீழே போய்ச் சூப் கொண்டு வந்து கொடுத்தே."

மகன் முகத்தைத் திரைப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

"அந்தத் திரையை நிறுத்துங்க" என்றார் அம்மா.

விற்பனையாளர் பதறிப்போய்ச் சுவிட்சைத் தேடினார். வம்புவுக்குப் பொறுக்கவில்லை. சுவரோரம் போய் ஒயரைப் பிடித்து இழுத்தாள். தடியைத் தூக்கிப் போட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டிருந்த பெரியவர் சட்டென்று இருட்டில் போய்விட்டார். அவரையும் அணைத்த மாதிரி இருந்தது அவளுக்கு.

இன்ஸ்பெக்டர் மெத்தையிலிருந்து எழ ஒருமுறை முயன்று தோற்று, மறுமுறை எழுந்தார். கோட்டை ஒரு உறைக்குள் போடச் சொன்னார். மகனின் தோளில் கை வைத்தார். நர்ஸ் பக்கம் திரும்பி, "நீங்க போகலாம்மா. தப்பா நினைச்சுக்காதீங்க" என்றார்.

"தப்பாத்தான் நினைப்பேன்" என்றாள் நர்ஸ். "நீங்க ஒரு நாள் அந்த லாக்கப் தரையில படுத்துப் பாருங்க. முதல்ல என் மாத்திரையைக் கொடுங்க, முதுகு விண்ணு விண்ணுன்னு தெறிக்குது." பிறகு போகிற வழியில் அம்மாவின் முன்னால் நின்று, அவர் தோளை ஒருமுறை தொட்டுவிட்டுப் போனாள்.

மூக்கர் கடைசிக் கட்டிலுக்கு அருகில் குந்தினார். கைக்குட்டை இல்லாமல், வெறும் கையால் நாயின் கழுத்தைச் சொறிந்து கொடுத்தார். வம்பு அதைப் பார்த்தாள், கேலி செய்யவில்லை.

"மிருக டாக்டர்கிட்ட இப்பவே கூட்டிட்டுப் போறேன் சார்" என்றாள் மகள்.

"போங்க. அதுக்கும் ஒரு டப்பா பாக்கி இருக்கு."

வாசலில் ஜீப் நின்றது. கடைக்கு முன் கூட்டம் கூடிவிட்டது. மகனை நடத்திக்கொண்டு போனார்கள். கோட்டை உறைக்குள் போட்டு எடுத்துக்கொண்ட போலீஸ்காரர் அவனுக்குப் பின்னால் நடந்தார். மகள் பிடிப்பதற்குள் மேனேஜர் நழுவி, பின்னங்காலை இழுத்து இழுத்து அவர்கள் பின்னாலேயே ஓடியது. ஜீப்பின் கதவு சாத்தியதும் அதன் முன்னால் உட்கார்ந்து, ஒரு காலைத் தூக்கிக் கதவைப் பிறாண்டியது.

கூட்டத்தில் ஒரு அம்மாள் கையில் ஆனந்த சயன விளம்பரத் தாளை வைத்துக்கொண்டு கண்ணைத் துடைத்தாள்.

"பாருங்களேன், வாயில்லாத ஜீவன்! எசமான் மேல என்ன பாசம், என்ன பாசம்!"

வம்பு அவள் கையிலிருந்த தாளைப் பிடுங்கி நாலாகக் கிழித்தாள்.

"பாசமெல்லாம் இல்லைங்க. அதுக்குக் கால் வலிக்குது."